குதித்த விமானத்தை அமுக்காதீர்கள்: தரையிறங்கும்போது மாணவ விமானிகள் செய்யும் தவறுகள்

செஸ்னா 172 மாதிரியான சிறிய பயிற்சி விமானங்களில் மாணவர்கள் விபத்தில் சிக்குவது தரையிறங்கும்போதுதான் அதிகம். பெரும்பாலும் ஆளுக்கு அடிபடாது. மூக்குச் சக்கரம் மடங்கும், ப்ரொபெல்லர் ஓடுபாதையில் உரசி வளையும், விமானம் பல மாதங்கள் பட்டறையில் நிற்கும். கேட்டால் "பவுன்ஸ் ஆகிவிட்டது" என்பார்கள். பவுன்ஸ் எல்லோருக்கும் ஆகும். அதற்கு அடுத்த இரண்டு நொடிகளில் கை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம்.

சக்கரம் தரையில் பட்டு விமானம் மேலே எழுகிறது. மாணவர் பதறிப்போய் யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி) முன்னால் தள்ளுகிறார். இயல்பான எதிர்வினைதான், ஆனால் மிக மோசமானது. மூக்கு தாழ்ந்து, பின்சக்கரங்களுக்கு முன்பே மூக்குச் சக்கரம் தரையை அடிக்கிறது. அந்த அடியில் விமானம் முன்பைவிட உயரமாக எழ, இப்போது அவர் இழுக்கிறார், பிறகு தள்ளுகிறார். கை எப்போதும் விமானத்தின் அசைவுக்கு ஒரு கணம் பின்தங்கியே இருப்பதால் ஒவ்வொரு குதிப்பும் பெரிதாகிக்கொண்டே போகும். இதற்கு போர்பாய்சிங் என்று பெயர். நாலைந்து குதிப்புகூட வேண்டாம், அதற்குள்ளேயே ஏதாவது உடைந்துவிடும். செஸ்னா 172இல் மூக்குச் சக்கரத்தின் தண்டு எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் என்ற தடுப்புத் தகட்டோடு இணைந்திருக்கிறது. அதனால் அடி பலமாக விழுந்தால் அந்தத் தகடும் நெளியும்.

குதிப்பு சின்னதாக இருந்தால் மூக்கைத் தரையிறங்கும் நிலையிலேயே பிடித்துக்கொண்டு, கொஞ்சம் த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்து, விமானத்தைத் தானாக அமரவிட வேண்டும். பெரிதாக இருந்தாலோ, இரண்டாவது முறை குதித்தாலோ யோசிக்கவே வேண்டாம். முழு த்ராட்டில், கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறி மறுபடி சுற்றி வருவது.

சரி, முதலில் ஏன் குதிக்கிறது? பெரும்பாலும் வேகம்தான் காரணம். 65 நாட் வேகத்தில் வர வேண்டிய விமானம் 75இல் வந்தால் பத்து நாட்தானே என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியில் கூடுகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகம். தரைக்கு அருகில் காற்றின் இழுவையும் குறைவதால் விமானம் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை தீர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் பொறுமையிழந்து, அதைக் கட்டாயப்படுத்தித் தரையில் வைக்கிறார்கள். இறங்கும் பாதையில் வேகமும் உயரமும் சீராக இல்லையென்றால் அதைக் கடைசி 50 அடியில் சரிசெய்துவிடலாம் என்று நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்து நல்ல பயிற்றுநர்கள், கோ-அரவுண்ட் கேட்ட மாணவரை ஒருபோதும் குறை சொல்வதில்லை.

இன்னொரு காரணம் கண். மூக்குக்கு நேர் முன்னால் இருக்கும் தரையையே பார்த்தால் அது மங்கலாகப் பாய்ந்து வரும், பயத்தில் யோக்கை வெடுக்கென்று இழுத்துவிடுவோம். விமானம் மறுபடி மேலே ஏறி, வேகத்தை இழந்து, பொத்தென்று விழும். மூக்கை உயர்த்தத் தொடங்கும்போது பார்வை ஓடுபாதையின் தொலைவுக்கு நகர வேண்டும்.

கோ-அரவுண்டிலும் சொதப்பலாம். முழு த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு தானாக மேலே எகிறும், இடப்பக்கமும் இழுக்கும். யோக்கைத் திடமாகத் தள்ளிப் பிடித்து, வலது ரட்டர் மிதியை (வாலில் இருக்கும் சுக்கானைத் திருப்புவது) அழுத்த வேண்டும். இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தியிருந்த ஃப்ளாப்பை ஒரேயடியாக மடக்கிவிட்டால் தூக்குவிசை சட்டென்று குறைந்து விமானம் கீழே அமுங்கும். படிப்படியாக மடக்குங்கள்.

ஃபைனலுக்கு, அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிப் பாதைக்குத் திரும்பும்போது ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் அளவுக்கு மீறிச் சாய்த்துத் திருப்பாதீர்கள். உயரம் குறையாமல் 60 பாகை சாய்வில் திரும்பினால் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது) 41 சதவீதம் உயர்கிறது. உயிரைப் பறிக்கும் தவறு இதுதான், மற்றவை பெரும்பாலும் தகரத்தோடு போகும்.

சக்கரம் தரையில் பட்டதும் "அப்பாடா" என்று கையைத் தளர்த்துவது அடுத்தது. பக்கக்காற்று அடிக்கும்போது விமானம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். வேகம் குறையக் குறைய ரட்டரின் பிடியும் குறையும். எனவே விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரானைக் காற்று வரும் பக்கம் படிப்படியாக முழுவதும் திருப்பி, டாக்ஸி வேகத்துக்கு (தரையில் மெதுவாக ஊரும் வேகம்) வரும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் சோலோவில் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாததால் விமானம் இலகுவாகிச் சீக்கிரம் ஏறும், இறங்கும்போது வழக்கத்தைவிட நீளமாக மிதக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவைக்காத பயிற்றுநர் மேல்தான் எனக்குக் கோபம்.

அப்புறம், பலமாக இறங்கிவிட்டுக் கமுக்கமாக விமானத்தை நிறுத்திவிட்டுப் போவது. திட்டு விழும் என்ற பயம் புரிகிறது, ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் அதே விமானத்தில் இன்னொரு மாணவர் ஏறுவார். மெக்கானிக்கிடம் சொன்னால் டயர், சக்கரத் தண்டு, ஃபயர்வால், ப்ரொபெல்லர் நுனி எல்லாவற்றையும் பார்ப்பார். ப்ரொபெல்லர் தரையைத் தொட்டிருந்தால் வெளியே ஒரு கீறல் மட்டும் தெரிந்தாலும் உள்ளே எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட் அடிவாங்கியிருக்கலாம். அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் மறுபடி பறக்கவிடக் கூடாது.