பழைய விபிஎன்னை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டதும் நெட் படுத்துவிட்டால்

பழைய விபிஎன் (நெட் டிராஃபிக்கைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) சந்தா முடிந்தது, புது ஆப்பை இறக்கிப் போட்டாயிற்று, கனெக்ட் அழுத்தினால் ஒன்றும் நகரவில்லை. உடனே எல்லோரும் புது ஆப்பைத்தான் திட்டுவார்கள். பல நேரம் கோளாறு பழையதில் இருக்கும். அதை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் அது போட்ட நெட்வொர்க் அடாப்டர் (கம்ப்யூட்டரை நெட்டோடு இணைக்கும் பகுதி), மாற்றி எழுதிய டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) முகவரி, ஃபயர்வாலில் சேர்த்த விதி என்று ஏதாவது ஒன்று விண்டோஸில் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. கீழே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும், மெனுவின் பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறலாம்.

முதல் வேலை, எல்லா விபிஎன்னையும் நிறுத்துவது. ஆப்பின் ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தி, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஐகானில் ரைட் கிளிக் செய்து டிஸ்கனெக்ட் கொடுங்கள், அப்புறம் எக்ஸிட். இப்போது விபிஎன் இல்லாமல் நெட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் புது ஆப்பின் செட்டிங்ஸைக் குடைந்து பிரயோஜனமே இல்லை, முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும்.

ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ping 1.1.1.1 என்று அடித்துப் பாருங்கள். 1.1.1.1 என்பது கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சர்வர், பெயர் இல்லாமல் எண்ணாலேயே அதைத் தொடலாம். பதில் வருகிறது, ஆனால் பிரவுசரில் பெயர் போட்டால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் சிக்கல் டிஎன்எஸ்ஸில். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் உங்கள் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ், அங்கே டிஎன்எஸ் சர்வர் என்ற வரியில் 10 என்று தொடங்கும் அறிமுகமில்லாத எண் ஏதாவது கைமுறையாகப் போடப்பட்டிருந்தால், அது பழைய விபிஎன்னின் டிஎன்எஸ்ஸாக இருக்கலாம், விபிஎன் ஓடாதபோது அங்கிருந்து பதில் வராது. எடிட் அழுத்தி ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பக்கத்துக்குத் திரும்பினால் ப்ராக்ஸி (நெட்டுக்கு நடுவில் நிற்கும் இடைத்தரகர் சர்வர்) என்று ஒரு பகுதி இருக்கும், மேனுவல் ப்ராக்ஸி ஆனில் இருந்தால், ஆபீஸ் சொல்லிப் போட்டதாக இல்லாத பட்சத்தில், ஆஃப் செய்துவிடுங்கள்.

1.1.1.1-இலிருந்து கூடப் பதில் வரவில்லையா? முதலில் ரௌட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று போனில் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் நெட் வந்து கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால் சந்தேகம் கில் ஸ்விட்ச் மேல். விபிஎன் அறுந்தால் மொத்த நெட்டையும் அடைத்துவிடுவதுதான் அதன் வேலை, அதை ஆனில் வைத்தபடியே ஆப்பை நீக்கினால் சில ஆப்கள் அந்தத் தடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். இதற்குச் சுருக்கு வழி எரிச்சலூட்டுவதுதான் ஆனாலும் வேலை செய்யும்: போன் ஹாட்ஸ்பாட்டும் அடைபட்டிருக்கும் என்பதால் வேறு கம்ப்யூட்டரில் அதே பழைய ஆப்பை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து மறுபடி நிறுவி, கில் ஸ்விட்சை ஆஃப் செய்து, டிஸ்கனெக்ட் செய்து, அதற்குப் பிறகு நீக்குங்கள்.

நீக்குவதற்கு முன் இன்னொன்று. ஓப்பன்விபிஎன் அல்லது வயர்கார்டு என்ற விபிஎன் ஆப்களில் உங்கள் கான்ஃபிக் ஃபைல் (சர்வர் முகவரி, கீ எல்லாம் இருக்கும் ஃபைல்) இருந்தால் அதை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். வயர்கார்டில் பிரைவேட் கீ (உங்கள் ரகசியச் சாவி) அந்த ஃபைலுக்குள்தான் இருக்கிறது, அதனால் அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வைக்கும் பழக்கம் வேண்டாம். ஆப் போன பிறகு டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் மறைந்த டிவைஸ்களைக் காட்டச் சொல்லி, நெட்வொர்க் அடாப்டர்ஸில் டாப் (TAP), வின்டன் (Wintun) என்ற பெயரில் பழைய அடாப்டர் கிடந்தால் அதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட்டே கொடுங்கள், ஷட் டவுன் செய்து ஆன் செய்வது வேண்டாம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் அதில் கம்ப்யூட்டர் முழுசாகப் புதிதாகத் தொடங்காது.

ஆபீஸ் விபிஎன்னையும் சொந்த விபிஎன்னையும் ஒரே நேரத்தில் ஓடவிடுகிறவர்களுக்குச் சண்டை நிச்சயம். மொத்த டிராஃபிக்கையும் இழுக்கும்போது ஓப்பன்விபிஎன் பொதுவாக 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று இரண்டு ரூட் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற குறிப்பு) போடும். இரண்டும் சேர்ந்தால் முழு இன்டர்நெட், ஒவ்வொன்றும் ரௌட்டரின் 0.0.0.0/0 ரூட்டைவிடக் குறிப்பானது என்பதால் டிராஃபிக் விபிஎன் பக்கம் போய்விடும். இரண்டு ஆப்களும் இதையே செய்தால் மெட்ரிக் (வழிக்கான முன்னுரிமை எண்) குறைவான ரூட் ஜெயிக்கும், மற்றது கனெக்டட் என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டு சும்மா இருக்கும். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைப் போடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் சொந்த விபிஎன்னில் ஸ்ப்ளிட் டனலிங் (சில ஆப்களை மட்டும் விபிஎன் வழியாக விடும் வசதி) வைத்து பிரவுசரை மட்டும் அதில் விடுங்கள், அதுவும் லேப்டாப் உங்களுடையதாக இருந்தால் மட்டும்.

சரி, எல்லாம் சுத்தமாகிவிட்டது, புதியது கனெக்ட் ஆகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை. வயர்கார்டில் ஆக்டிவ் என்று இருப்பதை நம்பாதீர்கள், சர்வர் பதிலே சொல்லாவிட்டாலும் அது ஆக்டிவ் என்றுதான் காட்டும். லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் (சர்வரோடு கடைசியாகக் கைகுலுக்கிய நேரம்) என்ற வரி வருகிறதா, ரிசீவ்டு எண் ஏறுகிறதா என்று பாருங்கள். அனுப்பியது மட்டும் ஏறி, வந்தது 0 என்றே நின்றால் கீ தப்பு, சர்வர் முகவரி தப்பு, அல்லது நடுவில் யுடிபி (வயர்கார்டு டேட்டா அனுப்பும் முறை) அடைபட்டிருக்கிறது. இந்திய சர்வருக்கான பழைய கான்ஃபிக் என்றால் சர்வரே இல்லாமலும் போயிருக்கலாம். வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்ட பிறகு பல விபிஎன் நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன.

ஹோட்டல், கல்லூரி வைஃபையில் யுடிபி அடைப்பது சகஜம். ஓப்பன்விபிஎன்னின் வழக்கமான போர்ட் (டேட்டா போகும் வாசல் எண்) யுடிபி 1194, அது போகவில்லை என்றால் டிசிபி என்ற இன்னொரு முறையில் போர்ட் 443-க்கு மாற்றுங்கள், வேகம் குறையும் ஆனால் போய்ச்சேரும். கம்ப்யூட்டரின் தேதி தப்பாக இருந்தாலும் சான்றிதழ் செல்லாது என்று ஓப்பன்விபிஎன் மறுத்துவிடும்.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் தொங்குகின்றன என்றால் சந்தேகம் எம்டியூ மேல், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் டேட்டாத் துண்டின் அதிகபட்ச அளவு, பைட் கணக்கில். வயர்கார்டு வழக்கமாக 1420 வைக்கும். பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) வழியாக வரும் ஃபைபரில் 1500-க்குப் பதில் 1492 தான் கிடைக்கும், அதில் ஐபிவி6 (புதிய வகை நெட் முகவரி) வழியாகச் சர்வருக்குப் போனால் அந்த 1420 கூட அதிகம். கான்ஃபிக் ஃபைலில் [Interface] பகுதியில் MTU = 1280 என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம்.

ஆபீஸ் விபிஎன்னில் நெட் வருகிறது, ஆனால் ஆபீஸ் ஃபைல் சர்வர் மட்டும் தெரியவில்லையா? உங்கள் வீட்டு ரௌட்டரும் ஆபீஸும் ஒரே 192.168.1 வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கம்ப்யூட்டர் அந்த சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும். ரௌட்டரில் வீட்டு வரிசையை 192.168.50 என்று மாற்றினால் போதும்.

நெட்வொர்க் ரீசெட் பட்டனைக் கடைசிக்கு வையுங்கள். அது எல்லா அடாப்டரையும் நீக்கி மறுபடி போடும், விபிஎன் ஆப்பைத் திரும்ப நிறுவ வேண்டி வரலாம். அழுத்துவதற்கு முன் வைஃபை பாஸ்வேர்டை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.