கிரேக்க ஈஸ்டர் ஆடு: தணலில் கோட்டைவிடும் இடங்கள்

கிரேக்க ஈஸ்டர் ஆட்டு விருந்துக்குப் போகும் சிலர் தேதியிலேயே தவறிவிடுகிறார்கள். 2026-இல் கத்தோலிக்கர்களுக்கு ஈஸ்டர் ஏப்ரல் 5. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைக்கோ ஏப்ரல் 12. முந்திக்கொண்டு 5-ஆம் தேதி போய் இறங்கினால் அங்கே குருத்தோலை ஞாயிறுதான் நடக்கும். நோன்பு முடியாததால் அன்று மீன் கிடைக்கும், ஆடு கிடைக்காது.

கிரீஸ் முழுக்க ஆட்டைக் கம்பியில் கோத்துச் சுடுவார்கள் என்று நினைப்பதும் சரியில்லை. அது முக்கியமாக நடு கிரீஸின் ரூமெலி, தெற்கே பெலொப்பொனீஸ் பக்கத்து வழக்கம். கலிம்னோஸ் தீவில் வயிற்றுக்குள் அரிசியும் ஈரலும் அடைத்து, மண்பானையில் வைத்து, விறகு அடுப்பில் இரவு முழுக்க வேகவிடுவார்கள்.

ரூமெலியின் லிவாதியா ஊரில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே குழியில் தீ மூட்டி, வரிசையாக ஆடுகளைச் சுடுகிறார்கள். இங்கே எல்லாம் தணலைப் பொறுத்தது. காய்ந்த திராட்சைக்கொடிச் சுள்ளி குபுகுபுவென்று எரியும். அந்தச் சுவாலை அடங்குமுன் ஆட்டை ஏற்றினால் தோல் கருகும், தொடை எலும்பருகே ரத்தம் நிற்கும். தணலை நீளத்துக்கும் சமமாகப் பரப்புவது இன்னொரு பிழை. தொடைக்கும் தோளுக்கும் கீழே கூட்டிவைத்து, விலாவுக்கு அடியில் குறைக்க வேண்டும். முதலில் கம்பி உயரத்தில் இருக்கட்டும், பிறகு மெல்ல இறக்கலாம். 10, 12 கிலோ ஆட்டுக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். பசி தாங்காமல் அவசரப்பட்டால் கெட்டது.

முதுகெலும்பைக் கம்பியோடு இறுகக் கட்டாதவர்கள் பாதியில் மாட்டிக்கொள்வார்கள்: வெந்த சதை தளர்ந்ததும் கம்பி மட்டும் சுற்றும், ஆடு அப்படியே தொங்கும். சூட்டில் கைவைத்துத் திரும்பக் கட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. உப்பும் மிளகும் வயிற்றுக்குள் தாராளமாகத் தேய்த்துத் தைத்துவிடுங்கள். மேலே எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் அவ்வப்போது தடவினால் போதும். இப்போது கம்பியைச் சுற்ற மோட்டார் வந்துவிட்டது. கை வலி மிச்சம்தான், ஆனால் தணலை அது பார்த்துக்கொள்ளாது.

ஈரல் முதலிய உள்ளுறுப்புகள் மேல் குடல் சுற்றிச் சுடும் கொகொரேத்ஸியில் சோம்பல் கூடாது. குடலை உள்வெளியாகத் திருப்பி, எலுமிச்சை விட்டு, வாடை போகும்வரை அலச வேண்டும்.

சனிக்கிழமை நள்ளிரவு வழிபாடு முடிந்து குடிக்கும், ஆட்டின் உள்ளுறுப்புகள் போட்ட மயிரீத்ஸா சூப்பில் முட்டை திரிந்துபோவது சகஜம். அடித்த முட்டை, எலுமிச்சைச் சாற்றில் சூடான சூப்பைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கலக்கி, அதன் பிறகே பானையில் ஊற்றுங்கள். ஊற்றியபின் கொதிக்கவிடக் கூடாது.