பழைய பேஜ்மேக்கரை ஓட்ட எந்தக் கணினியை வாங்குவது?

பல ஆண்டுகளாக டி.டி.பி. மையம் நடத்துபவர்களிடம் விலைமதிப்பற்ற ஒரு சேமிப்பு இருக்கும்: தட்டச்சு செய்து, பிழை திருத்தி, பக்கம் கட்டிய தமிழ் நூல்களின் பேஜ்மேக்கர் கோப்புகள். 2001இல் வந்த 7.0தான், அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பு. அதற்குப் பின் வந்த இன்டிசைன் மென்பொருளில் சிஎஸ்6 பதிப்பு வரைதான் இந்தக் கோப்புகள் திறக்கும். எழுத்துருக்களும் பெரும்பாலும் யுனிகோடு அல்லாதவை. மறுபதிப்புக்கு ஒரு நூலைத் திறக்க வேண்டுமென்றால், விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினி ஒன்று கைவசம் இருப்பது நல்லது. அப்படி ஒன்றை வாங்குகிறவர்கள் வேகத்தை மறந்துவிட்டு மதர்போர்டைப் பார்க்க வேண்டும்.

படி 1: உங்கள் மென்பொருளுக்குப் பூட்டு உண்டா?

அந்தக் காலத்து இந்திய மொழி எழுத்துரு மென்பொருள்கள் சிலவற்றுடன் டாங்கிள் என்ற சிறு பூட்டு வரும். அது செருகப்பட்டிருந்தால்தான் மென்பொருள் இயங்கும். பூட்டே இல்லையென்றால் பழைய கணினி தேவையில்லை. இப்போதுள்ள கணினியிலேயே விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளை நிறுவி, அதற்குள் எக்ஸ்பியை ஓட்டலாம். யுஎஸ்பி பூட்டு என்றாலும் இதையே முதலில் முயன்று பாருங்கள். 25 ஊசிகள் கொண்ட பழைய பிரிண்டர் போர்ட் பூட்டு என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: போர்ட்டைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்

கணினியின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். நீளமாக, பெரும்பாலும் கருஞ்சிவப்பு நிறத்தில், 25 துளைகளோடு இருப்பதே பிரிண்டர் போர்ட். வெளியே காணவில்லையென்றால் மூடியைக் கழற்றி, மதர்போர்டின் விளிம்பில் ‘எல்பிடி’ என்று அச்சிட்ட ஊசி வரிசை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதற்குரிய கேபிளைப் பொருத்திப் போர்ட்டை வெளியே கொண்டுவரலாம். யுஎஸ்பியிலிருந்து பிரிண்டர் போர்ட்டாக மாற்றும் கேபிளை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நான் அப்படி ஒன்று வாங்கினேன். பிரிண்டர் அழகாக ஓடியது. பூட்டு மட்டும் கண்ணில் படவே இல்லை. அந்தக் கேபிள் பிரிண்டருக்கென்றே செய்யப்பட்டது. பூட்டின் மென்பொருளோ போர்ட்டையே நேரடியாகத் தேடுகிறது.

படி 3: எந்தத் தலைமுறை மதர்போர்டு?

இன்டெல்லின் கோர் 2 டூவோ செயலி ஓடும் ஜி31, ஜி41 சிப்செட் மதர்போர்டுகளே என் முதல் தேர்வு. எக்ஸ்பிக்கான டிரைவர்கள் (பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்) எல்லாம் அவற்றுக்கு உண்டு. சற்றுப் புதிதாக வேண்டுமென்றால், இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் செயலிகளுக்கான எச்61 வரை போகலாம். நான்காம் தலைமுறையிலிருந்து உள்ளமை கிராபிக்ஸுக்கு எக்ஸ்பி டிரைவர் இல்லை.

போர்டைக் கையில் எடுத்ததும் செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளைப் பாருங்கள். அவை கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 4: நினைவகமும் வட்டும்

2 ஜிபி ராம் தாராளம். 32 பிட் எக்ஸ்பி 4 ஜிபியை முழுதாகப் பயன்படுத்தாது. 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போதும். என்விஎம்இ வகை வேண்டாம். நிறுவும்போது நீலத்திரை வந்து, பிழை எண் 7பி என்று முடிந்தால் பதற வேண்டாம். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) சாட்டா அமைப்பை ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாற்றிவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

படி 5: கடையிலேயே சோதியுங்கள்

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கணினி வாங்கப் போகும்போது, பூட்டையும் மென்பொருள் சிடியையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் கோப்பு ஒன்றைத் திறந்து, ‘ஸ்ரீ’, ‘ணை’ போன்ற எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இணையக் கேபிளைச் செருகாதீர்கள். எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றுவிட்டன. எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே வட்டை முழுமையாக நகலெடுத்து இன்னொரு வட்டில் வையுங்கள். முடிந்தால் அதே மாடல் போர்டு இன்னொன்றும் வாங்கி, டிரைவர் சிடியோடு ஒரே பெட்டியில் போட்டுவையுங்கள்.