முதல் கன்பிளா: வன்னி வெக்கைக்கும் மாரிக்கும் ஏற்றபடி பூட்டி, பூசி, வைக்கும் முறை

கன்பிளா என்பது கன்டம் என்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரில் வரும் ரோபோக்களைப் பாகம் பாகமாகப் பூட்டிச் செய்யும் பிளாஸ்ரிக் மாதிரிக் கிட். கிட் பெட்டிக்குள் வரும் கையேடு ஜப்பானில் அச்சாகிறது. பூட்டும் வேலைக்கு அது தாராளமாகப் போதும். ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாமல் படங்களைப் பார்த்தே முடித்துவிடலாம். ஆனால் மினுமினுப்பைப் போக்கும் மட் ஸ்பிறே அடிக்கிற நாளில் வெளியே வாடை வீசுகிறதா, சோளகம் வீசுகிறதா என்று அது கேட்பதில்லை. வடிவாகப் பூட்டிய கிட் வன்னியில் பழுதாவது அநேகமாக அந்த இடத்தில்தான். அதனால் பூட்டுவதைச் சுருக்கமாகவும், வெட்டுவதையும் ஸ்பிறே அடிப்பதையும் விரிவாகவும் எழுதுகிறோம்.

எந்தப் பெட்டியை வாங்குவது

கன்டம் தொலைக்காட்சித் தொடர் 1979இல் வந்தது. பண்டாய் நிறுவனத்தின் முதல் 1/144 கிட், அதாவது கதையில் வரும் உயரத்தில் 144இல் ஒரு பங்கு அளவானது, 1980 யூலையில் கடைக்கு வந்தது. அந்தக் காலத்துக் கிட்டுகளுக்குப் பசையும் வேண்டும், பெயின்ற்றும் வேண்டும். இப்போது வருபவற்றில் பாகங்கள் நிறத்தோடேயே வார்க்கப்பட்டிருக்கும். பசையும் தேவையில்லை, அமத்தினால் பூட்டுப்படும்.

பெட்டியில் இருக்கும் எழுத்துகளை இப்படி விளங்கிக்கொள்ளலாம். ஈ.ஜி. என்பது தொடக்கநிலை, பாகங்களைக் கையாலேயே கழற்றலாம். எச்.ஜி. 1/144 அளவு. ஆர்.ஜி.யும் அதே அளவுதான், ஆனால் பாகங்கள் மிகச் சிறியவை, ஸ்ரிக்கர்களோ ஏராளம். எம்.ஜி. 1/100, பி.ஜி. 1/60. கதைப்படி 18 மீற்றர் உயரமான முதல் கன்டம் 1/144இல் பன்னிரண்டரை சென்ரிமீற்றர் வரும், 1/100இல் 18, 1/60இல் 30.

முதல் கிட் எச்.ஜி.யாக இருக்கட்டும். ஆர்.ஜி. பெட்டியின் படம் ஆசை காட்டும்.  ஆனாலும் விரலுக்குப் பழக்கம் வருமுன் அதைத் தொட்டால் பாதியில் பெட்டியை மூடிவைப்பீர்கள்.

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடையில் தேடி அலைவதைவிட, கொழும்பிலிருந்து பார்சலில் எடுப்பது சுகம். கனடாவிலிருந்து சித்தப்பா வருகிறார் என்றால் கிட்டையும், பாகம் வெட்டும் சிறு குறடான நிப்பரையும் அவரிடம் சொல்லலாம். நிப்பரும் கத்தியும் கையில் கொண்டுவரும் பையில் இருக்கக்கூடாது, ஏற்றிவிடும் பெட்டிக்குள் போகவேண்டும். ஸ்பிறே பேணியை மட்டும் கேட்க வேண்டாம். தீப்பற்றும் பெயின்ற் பேணியை எந்தப் பெட்டியிலும் விமானத்தில் ஏற்ற முடியாது, தபாலிலும் அனுப்ப முடியாது.

சாமான்கள்

- பிளாஸ்ரிக்குக்கு உரிய மெல்லிய அலகு நிப்பர் 1
- ஒடிக்கும் அலகுள்ள சிறிய கட்டர் 1, மேலதிக அலகுகள்
- 400, 600, 800, 1000 இலக்க அரத்தாள், ஒவ்வொன்றிலும் ஒரு தாள். கராஜில் வாகனத்துக்குத் தேய்க்கிறார்களே, நனைத்துத் தேய்க்கும் கறுப்புத்தாள், அதுதான் வேண்டும். தச்சு வேலைக்கான தாள் வேண்டாம்.
- கூர்முனை சாமணம் 1
- கோடு போடும் மெல்லிய மார்க்கர்: கறுப்பு, சாம்பல், மண்ணிறம்
- கொட்டன் பட் ஒரு பெட்டி, பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற் ஒரு சிறு போத்தல்
- மட் கிளியர் ஸ்பிறே 1

வயர் வெட்டும் கட்டிங் பிளையரை நிப்பருக்குப் பதிலாகப் பாவிக்கலாமா? முதல் வெட்டுக்கு மட்டும். அதன் அலகு தடிப்பு, இரண்டு பக்கமும் சரிவு. பாகத்தை ஒட்டி வெட்டினால் பிளாஸ்ரிக்கை நசித்துக் கிழித்துவிடும். நகவெட்டியின் வாய் வளைந்தது, தட்டையான பாகத்தில் குழி விழும்.

வெட்டுதல்: இங்கே அவசரம் வேண்டாம்

பாகங்கள் ரன்னர் என்ற சட்டத்தில் சின்னச் சின்னக் காம்புகளால் தொங்கும். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு எழுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு இலக்கம். கையேடு 'ஏ 12' என்றால் ஏ சட்டத்தின் 12ஆம் பாகம். எல்லாப் பாகத்தையும் முதலிலேயே வெட்டிக் கோப்பைக்குள் கொட்டிவிடாதீர்கள். இலக்கம் சட்டத்தில்தான் இருக்கிறது, பாகத்தில் இல்லை. அந்தந்தப் படிக்கு வேண்டியதை மட்டும் வெட்டுங்கள்.

1. முதல் வெட்டு: பாகத்திலிருந்து 3 மில்லிமீற்றர் தள்ளி, காம்பு சட்டத்தோடு சேருமிடத்தில் வெட்டிப் பாகத்தை விடுவியுங்கள்.
2. இரண்டாம் வெட்டு: நிப்பரின் தட்டைப் பக்கம் பாகத்தைப் பார்க்கட்டும். அரை மில்லிமீற்றர் மிச்சம் விட்டு வெட்டுங்கள்.
3. அந்த அரை மில்லிமீற்றரைக் கட்டரால் மெல்லிய சீவலாக, இரண்டு மூன்று தடவையில் எடுங்கள். அலகை உங்கள் பெருவிரலை நோக்கித் தள்ள வேண்டாம்.
4. 400 தாளால் மேட்டைச் சமப்படுத்தி, 600, 800, 1000 என்று ஏறுங்கள். தாளைச் சின்னத் துண்டாக வெட்டி ஐஸ்கிறீம் குச்சியில் ஒட்டினால் மூலைகள் உருளாது. விரலால் அமத்தித் தேய்த்தால் தட்டையான கவசம் வளைந்துபோகும்.

ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் என்ன நடக்கும்? நிப்பர் நெரிக்கும்போது காம்பின் இழுவிசை பாகத்துக்குள் போகும். அந்த இடம் வெளிறி வெள்ளைப் புள்ளி விழும். வெள்ளைப் பாகத்தில் அது தெரியாது. நீலத்திலும் சிவப்பிலும் முகத்தில் அடித்தாற்போலத் தெரியும். லேசான வெளிறல் என்றால் நகத்தின் பின்புறத்தால் அழுத்தித் தேய்க்க ஓரளவு மங்கும். குழி விழுந்துவிட்டால் நகம் உதவாது. கடும் நிறப் பாகங்களில் அரத்தாளின் கீறலும் சாம்பல் பூத்தாற்போல நிற்கும். அதற்குப் பயப்பட வேண்டாம், கடைசியில் அடிக்கும் மட் கோட்டிங் அதை மூடிவிடும்.

பூட்டுதல்

இரண்டு பாகத்தையும் நேராகப் பிடித்துச் சுற்றிவர அமத்துங்கள். 'டக்' என்று கேட்கும். இடது வலது பாகங்கள் கண்ணாடி விம்பம்போல் இருப்பதால், தோளிலும் முழங்காலிலும் அமத்துமுன் படத்தை இன்னொருமுறை பாருங்கள். மூட்டுகளுக்குள் போகும் மெதுமையான சாம்பல் வளையங்களுக்கு முன்பின் உண்டு. மாறிப்போட்டால் கை ஒரு பக்கம் மட்டும் மடியும்.

பிழையாக அமத்திவிட்டால் கத்தியை நுழைக்காதீர்கள். காலாவதியான வங்கி அட்டையின் மூலையைச் சரிவாகத் தேய்த்து இடுக்குக்குள் விட்டுத் திருப்பினால் சேதமில்லாமல் கழரும்.

கோடு போடுதல்

கவசத்தில் இருக்கும் பள்ளக் கோடுகளுக்கு நிறம் ஏற்றினால்தான் விளையாட்டுச் சாமானுக்கும் மாதிரிக்கும் வித்தியாசம் தெரியும். வெள்ளைக்குச் சாம்பல், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மண்ணிறம், நீலத்துக்குக் கறுப்பு. வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்த படம்போலக் கடுமையாகத் தெரியும். கோடு போட்டு ஒரு நிமிடம் விட்டு, வெளியே பரவியதை ஸ்பிரிற் தொட்ட கொட்டன் பட்டால் கோட்டுக்குக் குறுக்காகத் துடையுங்கள். கோட்டின் வழியே துடைத்தால் உள்ளே இருப்பதும் வந்துவிடும்.

துடைக்க மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் மூன்றும் வேண்டவே வேண்டாம். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை என்பதால்தான் சொல்கிறோம். தின்னரும் பெற்றோலும் இந்தப் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். மண்ணெண்ணெய் இறுக்கிப் பூட்டிய மூட்டுக்குள் ஊறினால் பாகத்தில் வெடிப்பு விழலாம். எனாமல் வகைக் கோட்டு மையும் அப்படித்தான். அதைப் பாவிப்பதானால் பாகத்தைக் கழற்றிவைத்து, கோட்டிங் அடித்த மேற்பரப்பில் மட்டும் பாவியுங்கள்.

தண்ணீர்

பெயின்ற் அடிக்கப்போகிறீர்கள் என்றால் வெட்டுமுன்பே சட்டங்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். வன்னிக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு பாகம் காய்ந்ததும் வெள்ளைத் திட்டாகப் படியும். தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கலின் ஓரத்திலும் அதே வளையம் விழும். கேத்தலின் அடியைப் பார்த்தால் விளங்கும். கடைசி அலசலுக்கும் டெக்கலுக்கும் ஆர்.ஓ. தண்ணீர் போதும். வாகன பற்றிக்கு விடும் வடித்த தண்ணீரும் நல்லது. போத்தலில் இருப்பது அசிட் இல்லை என்று பார்த்து வாங்குங்கள்.

மட் கோட்டிங்: காலமும் நேரமும்

முதல் கிட்டுக்கு முழுப் பெயின்ற் தேவையில்லை என்பதே எங்கள் அபிப்பிராயம். ஒழுங்காக வெட்டி, கோடு போட்டு, மட் அடித்தால் பிளாஸ்ரிக்கின் மினுமினுப்புப் போய் உலோகக் கவசம்போல் நிற்கும். பெயின்ற் அடிக்க விரும்பினால் வரிசை இது: பிறைமர் என்ற அடிப்பூச்சு, நிறம், பளபளப்பான கிளியர், டெக்கல், மட். பெயின்ற் வகைகளில் லாக்கர் மேல் அக்ரிலிக்கும் எனாமலும் போகலாம். அவற்றின் மேல் லாக்கர் கனமாகப் போனால் கீழ்ப்படை சுருங்கும்.

ஹாட்வெயாரில் கிடைக்கும் வாகன ஸ்பிறேயின் கரைப்பான் கடுமையானது. எந்தப் பேணியானாலும் வெறும் ரன்னர் துண்டில் அடித்து ஒரு நாள் விடுங்கள். நகத்தால் கீறிப் பார்க்கும்போது மெதுமையாகவோ ஒட்டுப்பட்டோ இருந்தால் அந்தப் பேணி கேற்றுக்கு அடிக்கத்தான் உதவும்.

ஸ்பிறே காற்றில் போகும்போதே கரைப்பான் ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கும். ஐப்பசி முதல் தை வரையான மாரியில் அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து, கோட்டிங் பால்போல் வெளிறிவிடும். சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை இதற்கு நேர்மாறு. வெக்கையில் துளிகள் பாகத்தை அடையுமுன்னே காய்ந்து, மாத்தூள் தூவினாற்போல் சொரசொரப்பாக விழும். கூடவே ஒழுங்கைப் புழுதி.

மாரியில் மழை விட்ட நாளில் முற்பகல் 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் அடியுங்கள். ஈரமானி இல்லாவிட்டால் தட்டில் ஒரு கரண்டி தூளுப்பை அரை மணிநேரம் திறந்து வையுங்கள். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்புக் கசியத் தொடங்கும். உப்புக் கசிந்தால் அன்றைக்கு ஸ்பிறே இல்லை. சோளக காலத்தில் காற்று எழும்புமுன், காலை 8 மணியளவில் முடித்துவிடுங்கள். இரவில் எந்தக் காலத்திலும் வேண்டாம். முதல் மழைக்குப் பிறகு லைற்றைப் போட்டுவிட்டு அடித்தால் ஈசல் இறகோடுதான் கோட்டிங் காயும்.

1. கிட்டைத் தலை, உடல், கை, கால், ஆயுதம் என்று பிரியுங்கள். கண்ணாடிபோன்ற தெளிந்த பாகங்களைக் கழற்றிவையுங்கள், மட் பட்டால் புகைபிடிக்கும். கண் ஸ்ரிக்கரைக் கடைசியில் ஒட்டுங்கள்.
2. மூன்று நான்கு ஈர்க்கைச் சேர்த்துக் கட்டி நுனியில் சிறு கிளிப் வைத்துப் பாகத்தைப் பிடியுங்கள். அடியை ரெஜிஃபோம் துண்டில் குத்தலாம். வாழைக்குற்றியும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதன் ஈரத்திலிருந்து பாகம் தள்ளி நிற்க வேண்டும்.
3. விறாந்தையில் ஒரு பெரிய மட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சரித்து அதற்குள் அடியுங்கள். அடுப்பு, விளக்கு, நுளம்புத்திரி எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. முகக்கவசம் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் முற்றத்தில் நிற்கட்டும்.
4. பேணியை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். வெயிலில் வைத்த பேணி ஆபத்து, நிழலில் வைத்ததையே எடுங்கள்.
5. 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்தில், பாகத்துக்கு வெளியே தொடங்கி, குறுக்கே ஓடி, வெளியே நிறுத்துங்கள். சோளகத்தில் 15 முதல் 20 வரை கிட்ட வரலாம். ஓரிடத்தில் நின்றால் வடியும்.
6. மெல்லிய படை இரண்டு அல்லது மூன்று, இடையில் 20 நிமிடம். பிறகு ஒரு நாள் தொடாதீர்கள்.

பால் வெளிறல் விழுந்துவிட்டால் உரசாதீர்கள். ஈரமில்லாத நாளில் அதே ஸ்பிறேயை இன்னொரு மெல்லிய படையாக அடித்தால் பெரும்பாலும் தெளியும். தூள் விழுந்திருந்தால் 1000 தாளை நனைத்து மெதுவாகத் தடவி, துடைத்து, திரும்ப அடிக்க வேண்டும்.

வைக்கும் இடம்

தகரக் கூரைக்குக் கிட்ட உயரத் தட்டில் வேண்டாம், பகல் வெக்கையில் மூட்டுகள் தளரும். யன்னல் வெயில் பட்டால் வெள்ளைக் கவசம் மஞ்சளாகும். கண்ணாடி அலுமாரி இருந்தால் பல்லி எச்சம், புழுதி இரண்டுக்கும் ஒரே மருந்து. இல்லையென்றால் பெரிய பிஸ்கற் போத்தலைக் கவிழ்த்தும் வைக்கலாம். மர அலுமாரியின் அடியை மாதம் ஒருமுறை பாருங்கள், கறையான் கிட்டைத் தின்னாது, அலுமாரியைத் தின்னும்.

நிற்கும் நிலையில் இரண்டு காலையும் சற்று அகட்டி, முழங்காலை லேசாக மடித்து, இடுப்பை ஒரு பக்கம் திருப்புங்கள். விறைத்து நின்றால் கடையில் இருக்கும் பொம்மைதான். அடித்தளம் வேண்டுமானால் செம்மண்ணை மாவரிக்கும் அரிதட்டில் அரித்து வெயிலில் நன்றாகக் காயவிட்டு, வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து பலகையில் பூசி அதன்மேல் தூவுங்கள். பனை வைத்தால் அளவைக் கவனியுங்கள்: 18 மீற்றர்ப் பனை 1/144இல் கன்டத்தின் உயரத்துக்கே வரும். வீட்டுக் கதவளவுக்குப் பனை செய்து பக்கத்தில் வைத்தால் ரோபோவின் பிரமாண்டம் போய்விடும்.

புழுதியைத் துணியால் துடைக்காதீர்கள், கொம்புகளும் அன்ரெனாவும் முறியும். மெல்லிய மேக்கப் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள். மூட்டுத் தளர்ந்தால் அதைக் கழற்றி, உருண்டை முனையில் சுப்பர் குளூவை மெல்லிய படையாகப் பூசி, முழு நாள் காய்ந்த பிறகே திரும்பப் பூட்டுங்கள். ஈரத்தோடு பூட்டினால் அந்தக் கை இனி மடியாது.