பொங்கலுக்குப் புத்தகம் கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அத்தைக்குப் போன பொங்கலன்று ஒரு சரித்திர நாவல் கொண்டுபோனேன். ஐந்து பாகமும் ஒரே கட்டு, விலையும் குறைவு. அத்தை கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார், ஜன்னல் பக்கம் நகர்ந்தும் பார்த்தார். "எழுத்து பொடிப்பொடியா இருக்கே கண்ணு. படுத்துக்கிட்டு இதைத் தூக்கிப் பிடிக்கவும் முடியாதே" என்றார். தொடர்கதை வந்த காலத்தில் வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து படித்தவர் அவர். கதை சரிதான், பதிப்புதான் தப்பு. இந்த வருடம் அதே நாவலில் பெரிய எழுத்தில் அச்சான முதல் பாகத்தை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

பதிப்பைப் பார்க்காமல் வாங்குவதைத்தான் நான் முதல் தவறாகச் சொல்வேன். பாரதி, கல்கி, புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் ஒரே நூல் பத்து விதமாகக் கடையில் இருக்கும். விலையை மட்டும் பார்த்து எடுத்தால் அச்சுப்பிழை மலிந்த ஒன்றோ, சுருக்கிய ஒன்றோ கைக்கு வந்துவிடும். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பத்து வரி படியுங்கள். அப்புறம் பக்க எண்களை விரலால் ஓட்டுங்கள். புத்தகம் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சாகிறது. பைண்டிங்கில் ஒரு ஃபாரம் விடுபட்டால் 96க்கு அடுத்து 113 வரும். பரிசாக வாங்கியவர் இதை நம்மிடம் சொல்லவும் மாட்டார், பாவம். கதை பாதியில் அறுந்ததோடு மூடி வைத்துவிடுவார்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது வயதைக் கேட்கிறோம். தமிழ் எவ்வளவு வேகமாகப் படிப்பார்கள் என்று கேட்பதில்லை. என் அண்ணன் மகளுக்குப் பத்து வயது, ஆங்கில வழிப் பள்ளி. கதை சொன்னால் இரவெல்லாம் கேட்பாள். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளிடம் 200 பக்க நாவலைக் கொடுத்தால் நாலாம் பக்கத்தில் நின்றுவிடுவாள். 'இதுகூடப் படிக்கத் தெரியலையா' என்று வீட்டில் யாராவது கேட்டுவிட்டால், தமிழ்ப் புத்தகம் என்றாலே பயம் வந்துவிடும். அவளுக்கு ஏற்றது ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும் படக்கதை. துலிகா பதிப்பகம் இப்படிப் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட்டின் தமிழ்ப் படக்கதைகள் விலையும் குறைவு. முடிந்தால் பிள்ளையையே கடைக்குக் கூட்டிப்போய் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

பிளஸ் டூவில் மார்க் குறைந்த பையனுக்கு வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகம், உடம்பு கூடிய நண்பருக்கு உணவுக் கட்டுப்பாட்டுப் புத்தகம். அன்போடுதான் வாங்குகிறோம். ஆனால் பிரித்ததும் அவர் கண்ணில் படுவது தன் குறை. நான் அப்படிக் கொடுத்த புத்தகத்தை என் சித்தப்பா மகன் டிவி ஸ்டாண்டின் மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தான். தலைப்பு வெளியே தெரியக் கூடாது என்றுதான். கிரிக்கெட் பார்ப்பவனுக்குக் கிரிக்கெட் புத்தகமே வாங்கியிருக்கலாம்.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இங்கே எழுதியவை. அந்தப் பெருமையில் யாருக்குப் பரிசு என்றாலும் பாரதியார் கவிதைகளையே எடுக்கிறோம். பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசாக வாங்கிய பிரதி அவர்கள் வீட்டில் முன்பே இருக்கும். பாரதிதான் வேண்டும் என்றால் அவர் கதைகளையோ கட்டுரைகளையோ கொடுக்கலாம். புதுச்சேரியில் வளர்ந்து வெளியூரில் வேலை பார்க்கும் தோழிக்கு நான் பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' கொடுத்தேன். ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரி அதில் வருகிறது. 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். தான் நடந்த தெருக்களைப் பற்றி அவள் ஒரு மணி நேரம் போனில் பேசினாள்.

முதல் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதிக் கொடுங்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவரிடம் அந்தப் புத்தகம் இல்லை என்று தெரிந்த பிறகு எழுதுங்கள். எழுதிவிட்டால் கடையில் மாற்றித் தரமாட்டார்கள். சிறு பதிப்பகத்துப் புத்தகம் என்றால் மார்கழித் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள். பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது பதிப்பகத்தார் எல்லாரும் அங்கே இருப்பார்கள்.

நமக்கு நாமே வாங்குவதில் நடக்கும் தவறு மொத்தமாக அள்ளுவது. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் 10 சதவீதக் கழிவைப் பார்த்து நான் செட் செட்டாக வாங்கியவற்றில் பாதி இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. இப்போது ரோமன் ரோலண்ட் நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு, திருப்பிக் கொடுக்க மனசு வராத புத்தகத்தை மட்டும் எனக்கென்று வாங்குகிறேன். இந்த வருடம் அப்படி மூன்று.