ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தொகுப்பது எப்படி: நாகர்கோவில் முதல் கன்னியாகுமரி வரை

மக்களவைத் தொகுதி ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வென்றவர்களின் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுகின்றனர். ஆண்டு, பெயர், கட்சி என்று அட்டவணையின் மூன்று பத்திகளை நிரப்பியதும் வேலை முடிந்ததாகத் தோன்றிவிடுகிறது. ஆனால் யார் வென்றார் என்பதை மட்டும் சொல்லும் பட்டியல், எந்த நிலப்பரப்பில் வென்றார், யாருடைய துணையோடு வென்றார், எதிரில் நின்றோர் எப்படிப் பிரிந்திருந்தனர் என்பவற்றைச் சொல்வதில்லை. இவற்றை அறியாமல் எழுதப்படும் வரலாறு பல இடங்களில் பிழையாகவே முடியும். தமிழ்நாட்டின் 39ஆவது மக்களவைத் தொகுதியான கன்னியாகுமரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த வேலையை எப்படிச் செய்யலாம் என்று இங்கே விளக்குகிறேன். இதே முறையை வேறு எந்தத் தொகுதிக்கும் கையாளலாம்.

முதலில் விடை காண வேண்டிய கேள்வி, தொகுதியின் எல்லை எது என்பதே. கன்னியாகுமரி என்ற பெயரில் மக்களவைத் தொகுதி, எல்லைகள் புதிதாக வகுக்கப்பட்ட 2008ஆம் ஆண்டு மறுவரையறைக்குப் பிறகுதான் வந்தது. முதல் தேர்தல் 2009இல் நடந்தது. அதற்கு முன்பு அப்பகுதியின் பெரும்பங்கு நாகர்கோவில் தொகுதியாக இருந்தது. இரண்டும் ஒன்றே, பெயர் மட்டும் மாறியது என்று கருதுவது பொதுவாகக் காணப்படும் தவறு. மறுவரையறைக்கு முந்தைய நாகர்கோவில் தொகுதியில் நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டார், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதியோ திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் சேர்ந்திருந்தது. 2008இல் திருவட்டார் தொகுதி நீக்கப்பட்டது. கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி உள்ளே வந்தது. ஆகவே 2004ஆம் ஆண்டின் வாக்குகளையும் 2009ஆம் ஆண்டின் வாக்குகளையும் நேரடியாக ஒப்பிட்டு, ஒரு கட்சி வளர்ந்தது, மற்றொன்று தேய்ந்தது என்று எழுத இடமில்லை. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், சட்டமன்றத் தொகுதி வாரியான எண்ணிக்கையை எடுத்து, திருச்செந்தூரிலிருந்து வந்த பகுதியையும் சேர்த்துக் கூட்டணி அளவில் மட்டும் ஒப்பிடலாம். அங்கே நின்ற வேட்பாளர்கள் வேறு என்பதையும், சட்டமன்றத் தொகுதிகளின் எல்லைகளே மாறியுள்ளன என்பதையும் அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும். எல்லைகளை உறுதிசெய்ய 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் மறுவரையறைச் சட்டங்களின்படி அமைந்த ஆணையங்களின் ஆணைகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

எல்லையைப் போலவே மாநிலமும் மாறியிருக்கலாம் என்பதை நாகர்கோவில் நமக்குக் காட்டுகிறது. 1951-52 பொதுத்தேர்தலின் முடிவைச் சென்னை மாநிலத்தின் கீழ் தேடுவோருக்கு அது கிடைக்காது. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் கீழ்தான் தேட வேண்டும். அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. முதல் தேர்தலில் வென்ற மார்ஷல் நேசமணி நின்றது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில். அது இந்திய தேசிய காங்கிரஸின் கிளை அன்று. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய தனிக்கட்சி. பட்டியலில் சுருக்கமாகக் ‘காங்கிரஸ்’ என்று எழுதிவிட்டால் அந்தப் போராட்டம் முழுவதும் மறைந்துபோகும். இதைப் பலர் பொருட்படுத்தாமல் விடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அடுத்தது சான்றுகளைத் திரட்டுவது. இந்தியத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் வெளியிட்ட புள்ளிவிவர அறிக்கைகளே அடித்தளம். அவற்றில் தொகுதி வாரியாக வாக்காளர் தொகை, பதிவான வாக்குகள், செல்லாத வாக்குகள், வேட்பாளர்கள் பெற்ற வாக்குகள் ஆகியவை உள்ளன. அண்மைத் தேர்தல்களுக்கு, வாக்குச்சாவடி வாரியான எண்ணிக்கையைத் தரும் படிவம் 20 என்னும் இறுதி முடிவுத் தாளை மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் பெறலாம். தபால் வாக்குகள் அப்படிவத்தின் முடிவில் தனியே சேர்க்கப்பட்டிருக்கும். சாவடிகளின் கூட்டலும் மொத்தமும் பொருந்தாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். தேடும்போது ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளையும் நினைவில் கொள்க: கன்னியாகுமரி, கன்யாகுமரி என்ற இரு வடிவங்களிலும் தேடினால்தான் எல்லாம் கிடைக்கும்.

தரவுகளை ஒரு விரிதாளில் இடும்போது கட்சிக்கு ஒரு பத்தியும் கூட்டணிக்கு ஒரு பத்தியும் கட்டாயம் வேண்டும். கட்சிப் பெயரை அந்தத் தேர்தல் நாளில் இருந்தபடியே எழுத வேண்டும். காமராசர் 1969 இடைத்தேர்தலில் வென்றபோது காங்கிரஸ் பிளவுபடவில்லை. அதே ஆண்டின் இறுதியில் கட்சி உடைந்தது. 1971இல் அதே தொகுதியில் அவர் அப்பிளவில் உருவான ஸ்தாபன காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். அத்தேர்தலில் அக்கட்சிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே மக்களவை இடம் அதுதான். 1977இல் வென்ற குமரி அனந்தனை ஜனதா என்று குறிப்பதும் உண்டு, ஸ்தாபன காங்கிரஸ் என்று குறிப்பதும் உண்டு. இவ்வாறான இடங்களில் தேர்தல் ஆணைய அறிக்கையில் உள்ள பெயரைப் பத்தியில் இட்டு, மற்றதைக் குறிப்பில் தருவதே நேர்மையான வழி. என். டென்னிஸ் 1980 முதல் 1998 வரை ஆறு முறை தொடர்ந்து வென்றார்; முதல் நான்கு முறை காங்கிரஸ், பின் இரு முறை தமிழ் மாநில காங்கிரஸ். கட்சிப் பத்தியை மட்டும் பார்ப்பவர் 1996இல் தொகுதி கைமாறியதாக நினைப்பார், உறுப்பினரோ மாறவில்லை. 2004இல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மினும் 2009இல் திமுகவின் ஹெலன் டேவிட்சனும் வென்றதற்கு இடையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது: வென்ற கட்சி மாறியது, ஆனால் இருமுறையும் வென்றது திமுக தலைமையிலான அணியே.

இடைத்தேர்தல்களைத் தனியே தேட வேண்டும். பொதுத்தேர்தல் அறிக்கைகளில் அவை இருப்பதில்லை. நாகர்கோவிலின் மிகப் புகழ்பெற்ற தேர்தலே ஓர் இடைத்தேர்தல்தான். 1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் தோற்ற காமராசர், 1968 ஜூனில் நேசமணி மறைந்ததால் காலியான நாகர்கோவிலில் 1969 ஜனவரியில் நின்று மக்களவைக்குச் சென்றார். பொதுத்தேர்தல் அறிக்கைகளை மட்டும் நம்பித் தொகுப்பவர் இதை முற்றிலும் தவறவிடுவார். அண்மையில் 2020 ஆகஸ்ட் 28 அன்று கன்னியாகுமரியின் காங்கிரஸ் உறுப்பினர் வசந்தகுமார் மறைந்தார். கொரோனா காலமாதலால் ஏழு மாதங்களுக்குப் பின் 2021 ஏப்ரல் 6 அன்றுதான் இடைத்தேர்தல் நடந்தது. இடம் காலியான நாளையும் நிரம்பிய நாளையும் குறித்துவைத்தால், தொகுதி எவ்வளவு காலம் உறுப்பினர் இல்லாமல் இருந்தது என்பது தெரியவரும்.

இனி எண்களைப் படிப்பதற்கு வருவோம். இந்த வேலையின் உயிர்நாடி இதுவே. 2009 முதல் தொகுதியின் எல்லை மாறவில்லை என்பதால், அதன் பின் நடந்த ஐந்து தேர்தல்களையும் தயக்கமின்றி ஒப்பிடலாம். ஐந்திலும் பாஜகவின் பொன். இராதாகிருஷ்ணன் போட்டியிட்டார் என்பது ஆய்வாளருக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அவர் பெற்ற வாக்குகள்: 2009இல் 2,54,474, 2014இல் 3,72,906, 2019இல் 3,67,302, 2021இல் 4,38,087, 2024இல் 3,66,341. இவற்றுள் அவர் வென்றது 2014இல் மட்டுமே. அப்போது பெற்றதைவிட 2019இல் அவருக்குக் குறைந்தது 5,604 வாக்குகள்தான். ஆனால் தோல்வியின் வித்தியாசமோ 2,59,933. 2014இல் பெற்றதைவிட மிகுதியாக 2021இல் பெற்றும் காங்கிரஸின் விஜய் வசந்திடம் 1,37,950 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஆகவே ‘2019இல் மக்கள் பாஜகவைக் கைவிட்டனர்’ என்று எழுதினால் அது எண்களுக்கு முரணானது.

மாறியது எதிரணியே. 2014இல் காங்கிரஸின் வசந்தகுமார் 2,44,244 வாக்குகளும், அதிமுக 1,76,239 வாக்குகளும், திமுக 1,17,933 வாக்குகளும் தனித்தனியே பெற்றன. 2019இல் காங்கிரஸும் திமுகவும் ஓரணியில் நின்றன. அதிமுகவோ பாஜகவின் பக்கம் இருந்தது. கூட்டல் கணக்கு மட்டும் உண்மையாக இருந்திருந்தால் பாஜக எளிதில் வென்றிருக்க வேண்டும். நடந்தது வேறு: வசந்தகுமார் 6,27,235 வாக்குகள் பெற்றார். அது 2014இல் காங்கிரஸும் திமுகவும் அதிமுகவும் சேர்ந்து பெற்ற 5,38,416 வாக்குகளையும் தாண்டியது. எனவே பழைய வாக்குகளைக் கூட்டிப் பாருங்கள், ஆனால் அந்தக் கணக்கு பொய்க்கும் இடத்தில் நின்று, ஏன் பொய்த்தது என்று சட்டமன்றத் தொகுதி வாரியாகத் தேடுங்கள். வரலாற்றின் சுவையான பகுதி அங்கேதான் இருக்கிறது.

அத்தேடலுக்கு 2021 மிகவும் உதவும். அன்று ஒரே நாளில், ஒரே சாவடியில், சட்டமன்றத்துக்கு ஒரு வாக்கும் மக்களவைக்கு ஒரு வாக்கும் மக்கள் அளித்தனர். மக்களவை இடம் காங்கிரஸுக்குச் சென்றது. நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதியில் பாஜகவின் எம். ஆர். காந்தியும், கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதியில் அதிமுகவின் தளவாய் சுந்தரமும் வென்றனர். இரு வாக்குகளையும் சாவடி வாரியாக அருகருகே வைத்துப் பார்த்தால் எந்த ஊரில் வேட்பாளர் எடை கூடியது, எங்கே கட்சியின் எடை கூடியது என்பது புலப்படும்.

விழுக்காடு கணக்கிடும்போது எதன் விழுக்காடு என்பதை எப்போதும் எழுத வேண்டும். வாக்காளர் தொகையில் கணக்கிட்டது வேறு, பதிவானவற்றில் கணக்கிட்டது வேறு, செல்லும் வாக்குகளில் கணக்கிட்டது வேறு. நோட்டா 2014 மக்களவைத் தேர்தலில் அறிமுகமானது. வைப்புத்தொகையைத் தக்கவைக்கத் தேவையான ஆறில் ஒரு பங்கைக் கணக்கிடும்போது அது செல்லும் வாக்காகக் கொள்ளப்படுவதில்லை. 1989இல் வாக்காளர் தொகை கூடியதற்கு, வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்ததும் ஒரு காரணம் என்பதைக் குறிப்பிடாமல் ‘எழுச்சி’ என்று எழுதக் கூடாது.

குமரி மாவட்டத் தேர்தல்களைச் சமயக் கணக்கில் மட்டும் விளக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார் எவ்வளவு பேர் யாருக்கு வாக்களித்தனர் என்பதற்கு அதிகாரபூர்வத் தரவு எதுவும் கிடையாது. படிவம் 20 சாவடியின் எண்ணிக்கையைத்தான் சொல்லும். ஊகத்தை எண்ணாக்கி எழுதுவதைத் தவிர்க்குமாறு அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். ரப்பர் விலை, மீனவர் சிக்கல், நான்குவழிச் சாலை என்று அந்தந்தத் தேர்தலில் பேசப்பட்டவற்றை அக்கால நாளிதழ்களில் படித்தறிவது இதைவிடப் பயன்தரும். முதல் தேர்தலுக்கு, 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட தினமலரின் பழைய இதழ்கள் எந்த நூலகத்தில் கிடைத்தாலும் விடாமல் பார்க்க வேண்டும்.

இறுதியாக, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதும் செய்திகள். அவர்கள் நினைவில் நிகழ்ச்சி தெளிவாக இருக்கும், ஆண்டு கலங்கியிருக்கும். ‘காமராசர் நின்ற தேர்தல்’ என்று ஒருவர் சொன்னால் அது 1969ஆகவும் இருக்கலாம், 1971ஆகவும் இருக்கலாம். ஆண்டைக் கேட்காமல், அப்போது முதலமைச்சர் யார் என்று கேளுங்கள். அண்ணா என்றால் 1969 ஜனவரி. அடுத்த மாதமே அவர் மறைந்துவிட்டார். கலைஞர் என்றால் 1971.