ராஸ்பெரி பை கேமரா: ராத்திரி மட்டும் ஏன் படுத்துக்கொள்கிறது?

ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றும் (சுருக்கமாகப் பை) கேமரா மாட்யூல் ஒன்றும் வாங்கி வீட்டுக்குக் காவல் கேமரா செய்யலாம் என்று சேலத்தில் நிறையப் பேர் இறங்கியிருக்கிறார்கள். ரிப்பன் கேபிளைத் திருப்பிச் சொருகுவது, லென்ஸ் மேலிருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்க மறப்பது எல்லாம் பத்து நிமிடத்தில் தானே தெரிந்துவிடும், விடுங்கள். நாங்கள் ஆரம்பத்தில் முட்டிக்கொண்ட சுவரிலேயே இவர்களும் வந்து முட்டுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

போன் சார்ஜரும் நீள ஒயரும்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரின் மகன், பாலிடெக்னிக் மாணவன். பட்டறை வாசலுக்குப் பை 3 மாடலில் கேமரா செய்து மாட்டினான். மேசையில் ஒழுங்காக ஓடியது. வாசலில் மாட்டிய பிறகும் பகலெல்லாம் ஓடியது. இருட்டினால் மட்டும் ரீஸ்டார்ட். "அண்ணா, மறுபடியும் கார்டு போச்சு" என்று போன் வரும். மெமரி கார்டை மாற்றினான், கேமராவை மாற்றினான், கடைசியில் போர்டையே மாற்றினான். பவரை மட்டும் தொடவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

"33 வாட் சார்ஜர்ணா, பத்தாதா?" என்றான். பத்தாது. அந்த 33 வாட், போனோடு பேசி வோல்ட்டை ஏற்றும்போது கிடைப்பது. பை கேட்பது 5 வோல்ட் மட்டும்தான். 5 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்பது சார்ஜர் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். பை 3-க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பை 4-க்கு 3 ஆம்பியர்.

அடாப்டர் சரியாக இருந்தாலும் ஒயர் கெடுக்கும். 24 கேஜ் (மெல்லிய) செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.08 ஓம் தடை. ஐந்து மீட்டர் ஒயர் என்றால், போக வரப் பத்து மீட்டர், 0.8 ஓம். பகலில் பை அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 0.4 வோல்ட் வழியிலேயே போய், 4.7 வந்து சேரும். தப்பித்தது. இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிந்து ஒரு ஆம்பியர் ஆகும்: 4.3 வோல்ட். 4.63-க்குக் கீழே இறங்கினாலே பை முனக ஆரம்பிக்கும். அப்புறம் வைஃபை அறுகிறது, எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்து கார்டு கெடுகிறது. திருடன் வரும் நேரத்தில் தூங்கும் கேமரா!

மானிட்டர் இருந்தால் மூலையில் மின்னல் குறி தெரியும். வாசலில் தொங்கும் பைக்கு ஏது மானிட்டர்? பை தானே எழுதி வைக்கும் சிஸ்டம் லாக்கில் 'அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்' (வோல்ட் குறைவு) என்று இருக்கிறதா பாருங்கள், அதுவும் ராத்திரி விளக்கு எரியும்போது.

அவனுக்குச் செய்தது இதுதான்: 12 வோல்ட் அடாப்டர், அதே ஒயர், கேமரா பெட்டிக்குள் வோல்ட்டை இறக்கித் தரும் பக் கன்வெர்ட்டர். 12 வோல்ட்டில் அதே வேலைக்குக் கரண்ட் பாதிக்கும் கீழே, இழப்பும் அப்படியே குறையும். ஒன்று மட்டும்: பையை இணைக்கும் முன் மல்டிமீட்டர் வைத்து கன்வெர்ட்டரை 5.1-க்குத் திருகி வையுங்கள். திருகாமல் இணைத்தால் போர்டு அங்கேயே காலி.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைப்பது

ராத்திரியில் சொந்த விளக்கின் பிரதிபலிப்புதான் பதிவாகும்.

ஏற்காட்டில் விளக்கை லென்ஸ் பக்கத்திலேயே வைப்பது

மூடுபனி இறங்கினால் திரை முழுக்க வெள்ளை. வெளிச்சம் பனித்துளியில் பட்டுத் திரும்பி நேராக லென்ஸுக்கே வரும். விளக்கைத் தனியாக ஓரிரு மீட்டர் தள்ளி மாட்டுங்கள். காபித் தோட்டத்தில் காட்டெருமை வருகிறதா என்று பார்க்க வைப்பவர்கள், அசைவு கண்டறியும் பகுதியிலிருந்து சில்வர் ஓக் கிளைகளை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் போன் அலறும்.

ரவுட்டரில் போர்ட் திறப்பது

வேண்டாம், இன்டர்நெட்டில் இருக்கும் யாரும் கதவைத் தட்டலாம் என்று ஆகிவிடும். வெளியூரிலிருந்து பார்க்க வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் மாதிரி தனி வழி போட்டுத் தரும் விபிஎன் போதும். கார்டில் ஏற்றியது 2022 ஏப்ரலுக்கு முந்தைய பழைய இமேஜ் (பையின் சிஸ்டம் மென்பொருள்) என்றால் பயனர் பெயர் 'பை', கடவுச்சொல் 'ராஸ்பெரி' என்று ஊருக்கே தெரியும். அதை முதலில் மாற்றுங்கள்.

எதிர்வீட்டு வாசலும் தெரிகிற மாதிரி திருப்புவது

கேமராவைக் கீழே சாய்த்துவிடுங்கள். சண்டை மிச்சம்.